கெத்தும் நீரும் கிளினிக் மாத்திரையும்

மலேசியாவின் பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "கெத்தும் நீர் ஒரு கிளாஸ் குடித்தால் அரை மணி நேரத்தில் மனம் லேசாகிறது. கிளினிக்கில் மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையைப் பத்து நாளாக விழுங்குகிறேன்; குமட்டல்தான் மிச்சம். இதில் எது தம்பி மருந்து?"

நியாயமான கேள்வி. கெத்தும், காப்பிச் செடியின் குடும்பத்து மரம். அதன் இலையிலுள்ள மிட்ராஜினின், மூளையில் அபினும் மார்ஃபினும் போய் ஒட்டும் அதே 'மியூ' ஏற்பிகளில், அதாவது நரம்பணுவின் மேல் வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களில், ஒட்டுகிறது. உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபினுக்காக அமைந்த ஏற்பிகள் அவை. உடல்வலியோடு மனவலியும் அங்கே தணிகிறது. ஏற்பியில் ஒட்டியதும் வேலை தொடங்குவதால் காத்திருக்கத் தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்கூட ஐரோப்பிய மருத்துவர்கள் மனச்சோர்வுக்கு அபின் கரைசல் கொடுத்திருக்கிறார்கள்.

சிக்கல் பிறகுதான். ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டால் நரம்பணு அவற்றை மந்தமாக்குகிறது, சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நேற்று ஒரு கிளாஸ் தந்த இதத்துக்கு இன்று இரண்டு வேண்டும். குடிக்காத நாளில் உடல்வலியும் எரிச்சலும் பழைய சோர்வைவிட மோசமாக வந்து நிற்கும். ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் பொருள்களில் வீரியமானவை அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும்.

கிளினிக் மாத்திரையின் வழி வேறு. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை நரம்பணு வெளியிட்ட செரொட்டோனின் என்ற சேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் பம்பை அடைக்கின்றன. அது சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. மனம் தேறத்தான் இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. செரொட்டோனின் கூடியதை உணர்ந்த நரம்பணு முதலில் அதன் வெளியீட்டுக்குப் பிரேக் போடுகிறது, அது தளர நாளாகிறது என்பது ஒரு விளக்கம். நரம்பிணைப்புகள் மெல்ல மாறியமைகின்றன என்பது இன்னொன்று. செரொட்டோனின் குறைந்ததால்தான் சோர்வு வந்தது என்ற எளிய கதைக்கு உறுதியான சான்றில்லை. 2022-இல் வெளியான பெரிய மீளாய்வும் அதையே சொன்னது. ஆனால் மாத்திரை பலிப்பது வேறு விஷயம். 522 பரிசோதனைகளைத் தொகுத்த 2018 ஆய்வில், 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடக் கூடுதலாக உதவின. வித்தியாசம் பெரியதல்ல, மந்திரமும் அல்ல.

எனக்கு மிகவும் சுவையாகத் தெரிவது 'கப்பா' என்னும் இன்னோர் ஓபியாய்டு ஏற்பி. நெருக்கடியில் சுரக்கும் டைனார்ஃபின் இதைத் தூண்டும்போது மனம் கசந்துபோகிறது. புப்ரெனார்ஃபின் என்ற ஓபியாய்டு மருந்து கப்பாவை அடைக்கும், ஆனால் மியூவையும் ஓரளவு தூண்டும். அந்தத் தூண்டலைத் தடுக்க சமிடார்ஃபின் சேர்த்து ஒரு மாத்திரை செய்தார்கள்: போதை வேண்டாம், கசப்பு மட்டும் விலகட்டும் என்ற எண்ணம். சான்று போதாதென்று 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரவில்லை.

"மாத்திரை பிடிக்கும்வரை இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?" என்றார் அண்ணன். கூடாது. சில மனச்சோர்வு மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மிட்ராஜினின் தடுக்கிறது; அவை இரத்தத்தில் தேங்கிவிடலாம். கெத்தும் குடிப்பதை டாக்டரிடம் சொல்லி, அவர் துணையோடு குறைப்பதுதான் வழி. நச்சுப் பொருள் சட்டம் 1952-க்கு உட்பட்ட இலையாயிற்றே, எப்படிச் சொல்வது என்று தயங்கினார். பிறகு கிளினிக் அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பார்த்தார்.