சட்டை நிறம் மாறினால் சிநேகிதம் மாறுமா?

குழந்தைகள் மனதில் பேதம் எப்படி முளைக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். நாம் கவனிக்கத் தொடங்கும்போது அது ஏற்கெனவே முளைத்திருக்கும். சாதி, மதம், நிறம், பணம் என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா பிக்லர் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஏற்கெனவே இருக்கும் பிரிவுகளை விட்டுவிட்டு, உலகத்தில் இல்லாத ஒரு புதுப் பிரிவை உண்டாக்கிவிட்டால்?

அவரும் மெகன் பேட்டர்சனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 5 வயது வரையிலான 87 குழந்தைகள் இருந்தார்கள். சிலருக்குச் சிவப்புச் சட்டை, சிலருக்கு நீலச் சட்டை. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பயன்படுத்தினார்கள்: குழந்தைகளைச் சிவப்பு, நீலம் என்று குறிப்பிட்டுப் பேசினார்கள், வகுப்பு வேலைகளையும் நிறவாரியாக ஒழுங்கு செய்தார்கள். மற்ற வகுப்புகளில் குழந்தைகள் அதே சட்டையைப் போட்டிருந்தாலும் ஆசிரியர்கள் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்த வகுப்பிலும் யாரும் சிவப்பு உசத்தி என்றோ நீலம் மட்டம் என்றோ சொல்லவில்லை. 3 வாரம் கழித்துக் கேட்டுப் பார்த்தால், தன் நிறத்துக்காரர்கள்தான் நல்லவர்கள் என்ற எண்ணம் இரண்டு வகை வகுப்பிலும் வந்திருந்தது. ஆசிரியர் நிறத்தைச் சொல்லிப் பேசிய வகுப்புகளில், சில அளவீடுகளில் அது இன்னும் தூக்கலாக இருந்தது. சற்றுப் பெரிய குழந்தைகளிடம் பிக்லர் 1997-இல் செய்த இதே மாதிரியான ஆய்வில், ஆசிரியர் நிறத்தைப் பயன்படுத்திய வகுப்பில்தான் பேதம் உருவானது.

குழந்தை பேதத்தைப் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டுக் கற்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்டை ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பெரியவர்கள் ஆட்களை எப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்று குழந்தை பார்க்கிறது. இவ்வளவு சிரத்தையாகப் பிரிக்கிறார்கள் என்றால் இதில் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறது. அந்த ‘ஏதோ’ என்ன என்பதை அதுவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மொழி கற்கும்போதும் விளையாட்டு விதிகளைப் பிடிக்கும்போதும் வேலை செய்கிற அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்குச் சிவப்பும் நீலமும் வெறும் சட்டை நிறமாகத் தோன்றாது. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றை வைத்தே யார் எந்தச் சாதி என்று பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது கொடுத்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவற்றை மாணவர்கள் அணியத் தடை வேண்டும் என்றது. ‘கயிற்றை அவிழ்த்தால் சாதி போய்விடுமா’ என்று கேட்டவர்கள் உண்டு. போகாதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் இருந்தால் ஆட்களைச் சட்டென்று பிரித்து அடுக்குவது குழந்தையின் மூளைக்குச் சுலபமாகிவிடுகிறது.

பிறக்கும்போதே இதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று கேட்கலாம். பிரித்தறியும் திறமை மிகச் சீக்கிரம் வருகிறது. இங்கிலாந்தில் டேவிட் கெல்லி குழுவினர் 2005-இல் பார்த்தபோது, பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் எல்லா இன முகங்களையும் ஒரே மாதிரி பார்த்தன. 3 மாதத்தில், தன் இனத்து முகத்தையே கூடுதல் நேரம் பார்த்தன. சரி, இது ரத்தத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா? அடுத்த ஆண்டு இஸ்ரேலில் யைர் பார்-ஹைம் குழு செய்த ஆய்வில் இதற்கு விடை கிடைத்தது. எத்தியோப்பியாவிலேயே வளர்ந்த சிசுக்கள் கறுப்பு முகத்தையும், இஸ்ரேலிய வெள்ளைக் குடும்பத்துச் சிசுக்கள் வெள்ளை முகத்தையும் அதிகம் பார்த்தன. எத்தியோப்பியப் பெற்றோருக்குப் பிறந்து இஸ்ரேலில் இரண்டு வகை முகங்களையும் தினம் பார்த்து வளர்ந்த சிசுக்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. இதில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை, வெறும் பழக்கம்தான். வெறுப்பு பின்னால் வருகிறது. 113 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ராபேயும் பீல்மனும், பேதம் 5 முதல் 7 வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய் அப்புறம் 10 வயதுவரை கொஞ்சம் இறங்குகிறது என்று 2011-இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு ஏறுவதும் இறங்குவதும் சுற்றியிருக்கும் சமூகத்தின் கையில்.

அந்த வயதில் ஏன் உச்சம்? சின்னக் குழந்தையால் ஒரு ஆளை ஒரு சமயத்தில் ஒரு வகையில்தான் போட முடிகிறது. 1979-இல் 5, 6 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அதில் டாக்டர் பெண், நர்ஸ் ஆண். பிறகு கேட்டால், டாக்டர் ஆணாகவும் நர்ஸ் பெண்ணாகவும் இருந்ததாகப் பல குழந்தைகள் சொல்லின. பொய் சொல்லவில்லை, ஞாபகமே அப்படித் திரும்பிவிட்டது. ‘நல்ல உதாரணங்களைக் காட்டினால் போதும், பிள்ளை மாறிவிடும்’ என்று நம்பும் பாடப்புத்தகங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பெண் விமானி படத்தை அச்சிட்டுவிடலாம், குழந்தையின் நினைவில் அது ஆணாகப் பதிந்தால் என்ன செய்வது? பிக்லரும் லின் லிபனும் 1992-இல் வேறு வழியில் போனார்கள். ஆணா பெண்ணா, என்ன வேலை என்று இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுத்துப் படங்களைப் பிரித்து அடுக்கக் குழந்தைகளைப் பழக்கினார்கள். அந்தப் பயிற்சி கிடைத்த குழந்தைகளிடம் முன்முடிவு குறைந்தது, வழக்கத்துக்கு மாறான கதைகளும் சரியாக ஞாபகம் இருந்தன. வீட்டில் இதைச் சீட்டுக்கட்டை வைத்தே விளையாடலாம்: முதலில் நிறவாரியாக அடுக்கு, அப்புறம் எண்வாரியாக, அப்புறம் இரண்டும் சேர்த்து. பிறகு சொந்தக்காரர்கள் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டவர் யார், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் யார், கோபக்காரர் யார் என்று மாற்றி மாற்றி அடுக்கலாம். ஒரே சித்தி நாலு அடுக்கில் வருவார்.

அடுத்தது நம் பேச்சு. நியூயார்க்கைச் சேர்ந்த மார்ஜரி ரோட்ஸும் கூட்டாளிகளும் ‘சார்ப்பி’ என்று இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றிப் படப்புத்தகம் தயாரித்து 4 வயதுக் குழந்தைகளுக்கு வாசித்தார்கள். படங்களில் ஆண், பெண், கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் சார்ப்பிகள். சில குழந்தைகள் கேட்டது, ‘சார்ப்பிகள் பொன்வண்டுக்குப் பயப்படும்’. மற்றவர்கள் கேட்டது, ‘இந்தச் சார்ப்பி பொன்வண்டுக்குப் பயப்படுகிறது’. வித்தியாசம் அவ்வளவுதான். முதல் வகையைக் கேட்ட குழந்தைகள், அந்தக் குணம் பிறவியிலேயே வருவது, மாறாது என்று நம்பத் தொடங்கின. 2012-இல் வந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, நம் வீட்டுப் பேச்சில் எத்தனை ‘சார்ப்பிகள்’ என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். ‘அந்தத் தெருக்காரங்களே அப்படித்தான்.’ ‘வடக்கத்தியான்னா இப்படித்தான் இருப்பான்.’ ‘பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராது.’ பாராட்டும் விதிவிலக்கு இல்லை. ‘அவங்க ஆளுங்க நல்லாப் படிப்பாங்க’ என்பதும் ஒரு கூட்டத்துக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு என்றுதான் குழந்தைக்குச் சொல்லித் தருகிறது. ‘அவன் நேற்று என்னை ஏமாற்றிவிட்டான்’ என்று ஓர் ஆளைப் பற்றி, ஒரு நாளைப் பற்றிச் சொன்னால் குழந்தை அதை அந்த ஆளோடு நிறுத்திக்கொள்ளும்.

வாயை மூடிக்கொண்டால் தப்பித்தோமா என்றால், இல்லை. ஆலிசன் ஸ்கின்னரும் கூட்டாளிகளும் 2017-இல் 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு வீடியோ காட்டினார்கள். அதில் ஒரு பெரியவர், ஒருவரிடம் சிரித்து, முன்னால் சாய்ந்து, குழைவாகப் பேசுகிறார். இன்னொருவரிடம் அதே வார்த்தைகளை முகத்தைச் சுளித்து, விலகி நின்று சொல்கிறார். யாரைப் பிடிக்கிறது என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் முதல் ஆள் பக்கம் சாய்ந்தன. அந்த ஆளின் சிநேகிதருக்கும் அந்தச் சாய்வு ஒட்டிக்கொண்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைக்கும் வீட்டில், ‘எல்லாரும் சமம் கண்ணா’ என்ற பாடம் எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துக்கொள்ளலாம். குழந்தை டம்ளரைத்தான் பார்க்கும்.

வித்தியாசமே இல்லாததுபோல் நடிப்பதும் உதவாது. இவான் அப்ஃபெல்பாம் 2010-இல் செய்த ஆய்வில் 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் இரண்டு விதமான கதைகள் கேட்டார்கள். ‘நாம் எல்லாரும் ஒன்றுதான், நிறத்தைப் பார்க்கக் கூடாது’ என்ற கதையைக் கேட்டவர்கள், பிறகு கண்ணெதிரே அப்பட்டமான இனப் பாகுபாட்டை விவரித்தபோதும் அதைப் பாகுபாடு என்று கண்டுபிடிக்கத் தடுமாறினார்கள். வித்தியாசங்களைப் பேசி மதித்த கதையைக் கேட்டவர்கள் எளிதில் கண்டுகொண்டார்கள். ‘எங்கள் வீட்டில் சாதி பேசுவதே இல்லை’ என்று பெருமைப்படும் வீடுகளுக்கு இது சங்கடமான செய்தி. சாதியால் அடி வாங்காத குடும்பத்துக்குத்தான் பேசாமல் இருக்கும் வசதி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எது பலன் தருகிறது? நிரம்ப ஆய்வு நடந்திருப்பது, சேர்ந்து பழகுவது பற்றி. பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது, சம அந்தஸ்தும் பொதுவான இலக்கும் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதிவிட்டார். நம் நாட்டிலேயே அருமையான சான்று இருக்கிறது. டெல்லியில் பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு 20 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்று 2007-இல் விதி வந்தது. கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர், அந்த விதிக்கு முன்பு சேர்ந்த பணக்காரப் பிள்ளைகளையும் பின்பு சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்தவர்கள் தாராளமாக இருந்தார்கள், ஏழைப் பிள்ளைகளைக் குறைவாகவே ஒதுக்கினார்கள், அவர்களோடு விளையாடத் தயங்கவில்லை. படிப்பு கெட்டுப்போகும் என்று பெற்றோர் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. சில பள்ளிகள் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழு பிரித்திருந்தன. அதனால் யார் ஏழைப் பிள்ளையோடு ஒரே குழுவில் விழுந்தார் என்பது தற்செயலாகவே அமைந்தது. மாற்றம் பெரும்பாலும் அந்த நேரடிப் பழக்கத்திலிருந்துதான் வந்தது என்று அதை வைத்தே ராவ் காட்டினார். சந்துரு குழுவும் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் ஊர்களில் அந்த வரிசையே சாதி வரிசையாகிவிடக்கூடும். இனிஷியல் போடும் நம் ஊரில் அந்தச் சிக்கல் இல்லை.

எப்படிப் பழகுகிறார்கள் என்பதும் முக்கியம். பொருளாதார ஆய்வாளர் மாட் லோ உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்து ஆய்வு செய்தார், கிரிக்கெட் லீக் நடத்தி. பல சாதியினர் கலந்த அணியில் ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் கூடினார்கள். வேற்றுச் சாதியினரை எதிரணியிலேயே அதிகம் சந்தித்தவர்களிடம் விளைவு தலைகீழாக இருந்தது. ஊர்த் திருவிழாவில் தெருவாரியாக அணி பிரித்துக் கபடி நடத்தும் கமிட்டிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வகுப்பறைக்குள் இதையே எலியட் ஆரன்சன் 1971-இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் செய்தார். கறுப்பு, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்புக்கு வந்திருந்தார்கள், சண்டை ஓயவில்லை. ஒரு பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சின்னக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். தேர்வு முழுப் பாடத்திலும் வரும். பக்கத்தில் இருப்பவன் திக்கித் திக்கிப் பேசினாலும் அவன் துண்டு இல்லாமல் மார்க் இல்லை, கேட்டே ஆக வேண்டும். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவு பலன் கிடைத்துவிடவில்லை. ஆனால் செலவே இல்லாத முறை, எந்த அரசுப் பள்ளியிலும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

கடைசியாக, பெற்றோர் உடனே செய்யக்கூடிய ஒன்று. லிண்ட்சே லாம், பிக்லர் முதலியோர் 2009-இல் 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கு, சக பிள்ளைகள் ஆண், பெண் என்று மட்டம் தட்டிப் பேசினால் எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் கதையாகக் கேட்டார்கள், இன்னொரு பகுதியினர் வாய்விட்டுச் சொல்லி நடித்துப் பழகினார்கள். பிறகு உண்மையிலேயே ஒருவர் அப்படிப் பேசியபோது, பழகியவர்கள்தான் அதிகம் எதிர்த்துப் பேசினார்கள். நல்ல எண்ணம் உள்ள குழந்தையும் அந்த நொடியில் வார்த்தை கிடைக்காமல்தான் சும்மா இருந்துவிடுகிறது. ராத்திரி சாப்பாட்டின்போது இதை விளையாட்டாகவே செய்யலாம். ‘அவன்கூட உட்காராதேன்னு ஒருத்தன் சொன்னா நீ என்ன சொல்லுவே?’ என்று அப்பா கேட்கட்டும். ‘தெரியலப்பா’ என்றுதான் முதலில் வரும். ‘ஏன் உட்காரக் கூடாது?’ என்று திருப்பிக் கேட்பது, ‘நான் இங்கதான் உட்காருவேன்’ என்பது, இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவது என்று மூன்று நாலு வழிகளை மாறி மாறி நடித்துப் பார்க்கலாம். குழந்தைக்கு எது கூச்சமில்லாமல் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும். அதட்டல் பையனாக நடிக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொள்வது நல்லது, குழந்தைக்கு அது வேண்டாம்.