பழைய அவுட்போர்டு மோட்டார் ஃபிஷ் ஃபைண்டரை எரிப்பது எப்படி?

மும்பை வெர்சோவாவில் ஃபைபர் படகு வைத்திருக்கும் செம்பூர் வாசகர் ஒருவர், படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினான அவுட்போர்டு பற்றியும், ஒலியலையால் மீன் இருக்குமிடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் பற்றியும் கேட்டிருக்கிறார்: "பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. ஃபிஷ் ஃபைண்டர் இரண்டாவது தடவையாகப் போய்விட்டது. எஞ்சின் வேகமாக ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 16 வோல்ட் காட்டுகிறது. ஒரு ஜீனர் டையோடு போட்டால் சரியாகிவிடுமா?"

ஆகாது. குறிப்பிட்ட வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் மின்னழுத்தத்தைப் பிடிக்கும் ஜீனர்தான் முதலில் எரியும். காரணம் புரிந்துவிட்டால் எதைப் போட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

எஞ்சினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலின் உட்சுவரில் நிரந்தரக் காந்தங்கள். அதற்குள் அசையாமல் நிற்கும் காயில். காந்தம் சுற்றினால் காயிலில் மாறுதிசை மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே 1831-இல் கண்டது, பள்ளியில் படித்ததுதான். அதை நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் ரெக்டிஃபையர் நேர்மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. கார் ஆல்டர்னேட்டரில் காந்தத்தையே மின்சாரம்தான் உண்டாக்குகிறது. ரெகுலேட்டர் அந்த மின்சாரத்தைக் குறைத்து மின்னழுத்தத்தை அடக்கிவிடும். நிரந்தரக் காந்தத்தை அப்படித் தளர்த்த முடியாது. எஞ்சின் வேகம் கூடினால் காயிலின் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். பழைய மாடல்கள் பலவற்றில் ரெக்டிஃபையரோடு சரி, ரெகுலேட்டர் கிடையாது.

அப்படிப்பட்ட படகில் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது பேட்டரி ஒன்றுதான். சார்ஜ் குறைவாக இருக்கும்வரை வருகிற மின்னோட்டத்தை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். 13, 14 வோல்ட்டிலேயே நிற்கும். நிறைந்த பிறகும் 6 ஆம்பியர் வந்துகொண்டே இருந்தால், அந்த மின்னோட்டம் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும், மின்னழுத்தம் 15.5, 16 என்று ஏறும். 1 ஆம்பியர்-மணி உபரி சார்ஜுக்கு ஒரு செல்லில் 0.336 கிராம் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் போகிறது. ஆறு செல்லுக்கு 2 கிராம். நிறைந்த பேட்டரிக்கு 5 மணி நேரம் 6 ஆம்பியர் கொடுத்தால் 60 மில்லி தண்ணீர் காலி. மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடிய பேட்டரி இதை ஓரளவு தாங்கும். சீல்டு பேட்டரி தாங்காது.

படகில் பேசிக்கொள்ள உதவும் விஎச்எஃப் ரேடியோக்கள் பலவற்றில் 13.8 வோல்ட், 15 சதவீதம் கூடக்குறைய என்று போட்டிருக்கும். மேல் எல்லை 15.87 வோல்ட். 16 வோல்ட் அதைத் தாண்டிவிட்டது.

இப்போது காயிலுக்கு வருவோம். மாதிரிக்கு ஒன்று: ஃப்ளைவீலில் 12 காந்த முனைகள், எனவே ஒரு சுற்றுக்கு 6 அலைகள். எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலில் 750 ஆர்பிஎம் என்றால் 75 ஹெர்ட்ஸ். 5000 ஆர்பிஎம் என்றால் 500 ஹெர்ட்ஸ். காயிலின் தடை 0.5 ஓம், தன்மின் தூண்டல் எண் 3.2 மில்லிஹென்றி. எதோடும் இணைக்காமல் விட்டால் ஐடிலில் 9 வோல்ட், முழு வேகத்தில் 60 வோல்ட் வருகிறது என்று கொள்வோம்.

முழு வேகத்தில் காயிலின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஷார்ட் செய்தால் என்ன ஆகும்? தடையை மட்டும் பார்த்தால் 60-ஐ 0.5-ஆல் வகுத்து 120 ஆம்பியர் என்போம். காயில் புகைந்திருக்க வேண்டும். ஆனால் 500 ஹெர்ட்ஸில் மாறுதிசை மின்னோட்டத்துக்கு இந்தக் காயில் காட்டும் எதிர்ப்பு, அதாவது மின்மறுப்பு, சுமார் 10 ஓம். ஓடுவது 6 ஆம்பியர்தான். ஐடிலில் மின்னழுத்தம் 9 வோல்ட், மின்மறுப்பு 1.5 ஓம், தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 5.7 ஆம்பியர். எஞ்சின் வேகம் ஆறரை மடங்குக்கு மேல் ஏறியும் ஷார்ட் மின்னோட்டம் 0.3 ஆம்பியர்தான் கூடியது!

இதற்குள் இருக்கும் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது. ஷார்ட் செய்த காயிலுக்குள் காந்தப்பாயம் மாற முயன்றால், அதை எதிர்க்கும் திசையில் மின்னோட்டம் எழுகிறது, லென்ஸ் விதி. தடை மிகக் குறைவாக இருந்தால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய முழுமையாகவே இருக்கும்: ஃப்ளைவீல் காந்தம் கொண்டுவரும் பாயம் எவ்வளவோ, அவ்வளவையும் காயில் தன் சொந்தப் பாயத்தால் ரத்து செய்துவிடும். அதற்கு எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதைக் காந்தத்தின் வலுவும் காயிலின் சுற்று எண்ணிக்கையும் அமைப்பும் தீர்மானிக்கின்றன. காந்தம் எவ்வளவு வேகமாக வந்து போகிறது என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆக, இந்தப் பழைய காயில் தானாகவே ஒரு மின்னோட்ட வரம்புக்குள் ஓடும் சாதனம். யாரும் தனியாகப் பாகம் சேர்க்காமல், இரும்பும் செம்பும் காந்தமும் சேர்ந்த அமைப்பிலேயே அந்த வரம்பு அடங்கியிருக்கிறது.

ஷார்ட் செய்தால் காயிலுக்கு ஆபத்தில்லை. 6 ஆம்பியரில் அதற்குள் உண்டாகும் வெப்பம் 18 வாட். சாதாரணமாக முழுச் சார்ஜில் ஓடும்போதும் ஏறத்தாழ அதுதான். ஆபத்து திறந்து விடுவதில் இருக்கிறது. போக வழியில்லாத நிலையில் 60 வோல்ட்டின் உச்சமான 85 வோல்ட் வரை எழும். பைக்குகளில் வரும் ஷன்ட் ரெகுலேட்டர் இதை வைத்தே வேலை செய்கிறது: பேட்டரி சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் எஸ்சிஆர் எனும் மின்னணு சுவிட்சுகளை இயக்கிக் காயிலை ஷார்ட் செய்துவிடும். மின்னழுத்தம் இறங்கினால் விட்டுவிடும்.

ஃபிஷ் ஃபைண்டரைக் கொல்வது பெரும்பாலும் 16 வோல்ட் அல்ல. உப்புக் காற்றில் பூத்துப்போன பேட்டரி டெர்மினல், படகு ஓடும்போது ஒரு கணம் விட்டுப்போகும். அல்லது எஞ்சின் ஓடும்போதே யாராவது மெயின் சுவிட்சை அணைப்பார்கள். அந்தக் கணத்தில் பேட்டரி இல்லை. காயிலின் முழு மின்னழுத்தமும் கருவிகள்மேல் விழுகிறது. மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் இந்த உச்சங்கள் அதில் தெரியாது. அதனால்தான் அடுத்தடுத்து கருவிகள் போகும் படகுக்கு ராசியில்லை என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பம் நல்ல படகை விற்றுவிடக் கூடாது. டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும்.

ஜீனர் ஏன் ஆகாது என்பதற்கும் இங்கேயே பதில். 15 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 90 வாட். 5 வாட் ஜீனர் நொடிகளில் முடிந்துவிடும். திடீர் மின்னழுத்த உச்சங்களை உறிஞ்சும், 1500 வாட் என்று விற்கும் டிவிஎஸ் டையோடும் அந்த அளவை ஒரு மில்லி நொடிக்குத்தான் தாங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு ஏசி ஒயர், ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் உள்ள, அலையின் இரு பாதியையும் பயன்படுத்தும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் வாங்குங்கள். ஒரு முனை பாடியில் எர்த் ஆன காயிலுக்காகச் செய்த ஹாஃப் வேவ் ரகங்களும் கடைகளில் உண்டு, அவை வேண்டாம். ரெகுலேட்டரின் ஆம்பியர் அளவு காயிலின் அளவைவிட இரண்டு மடங்காவது இருக்கட்டும். முதலில் எஞ்சினை நிறுத்தி, காயிலிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் பழைய ரெக்டிஃபையரிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு முனை எர்த் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைப் பிரித்துத் தனி ஒயராக வெளியே கொண்டுவராமல் பிரிட்ஜ் போட்டால் அலையின் ஒரு பாதி டையோடு வழியே ஷார்ட் ஆகி வீணாகும். மூன்று ஒயர் வந்தால் நடுமுனை உள்ள காயில். அதற்கு அந்த எஞ்சினின் வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

ரெகுலேட்டரைக் காற்று படும் அலுமினியத் தகட்டில் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி இறுக்குங்கள். எர்த்துக்குப் பாடியை நம்பாமல் கறுப்பு ஒயரைப் பேட்டரி நெகட்டிவ்வரை தனியாக இழுங்கள். ஈயம் பூசிய 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். போக வர 6 மீட்டரானாலும் 6 ஆம்பியரில் இழப்பு 0.16 வோல்ட்தான். பேட்டரி மின்னழுத்தத்தை அளக்கத் தனி சென்ஸ் ஒயர் உள்ள ரெகுலேட்டர் என்றால் அதைத் துருப்பிடித்த சாவி சுவிட்ச் வழியாகக் கொண்டுவராதீர்கள். அங்கே அரை வோல்ட் குறைந்தால் ரெகுலேட்டர் பேட்டரிக்கு அரை வோல்ட் கூடுதலாக ஏற்றிவிடும்.

பாசிட்டிவில் பேட்டரிக்கு அருகே 15 ஆம்பியர் ஃபியூஸ். கருவிகளுக்கான ஒயர் ரெகுலேட்டரின் வெளியீட்டிலிருந்து பிரியக் கூடாது; பேட்டரி முனையிலிருந்தே தனி 5 ஆம்பியர் ஃபியூஸோடு கிளம்ப வேண்டும். அப்போது சார்ஜிங் ஃபியூஸ் போனாலும் கருவிகள் பேட்டரியோடு இருக்கும், காயிலோடு இருக்காது. கருவிகளின் பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பிறகு 1.5கேஇ18ஏ டிவிஎஸ் ஒன்று. சிறு கூர்முனை அலைகளை அது உறிஞ்சிக்கொள்ளும். இவை மும்பை லாமிங்டன் ரோடு மின்னணுக் கடைகளில் கேட்டுப் பார்க்க வேண்டிய சாதாரணப் பாகங்கள்தான்.

இத்தனை வேலை வேண்டாம் என்றால் கருவிகளுக்குத் தனியாக 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி வைத்து வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ளுங்கள். அரை ஆம்பியர் இழுக்கும் ஃபிஷ் ஃபைண்டர் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். லித்தியம் பேட்டரியை மட்டும் ரெகுலேட்டர் இல்லாத எஞ்சினோடு இணைக்கவே கூடாது. செல் நிறைந்ததும் அதன் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) துண்டித்துக்கொள்ளும். டெர்மினல் கழன்றதற்கு ஈடான நிலை ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும்.

மீன்பிடிப் படகுகளில், கரையோடு தொடர்புகொள்ள உதவும் 1 லட்சம் ட்ரான்ஸ்பாண்டர்கள் பொருத்த ஒன்றிய அரசு திட்டம் போட்டிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கடலோர ஐடிஐகளில் படகு மின்னிணைப்புப் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிர்காக்கும் கருவி, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒயரைவிட நம்பகமாக இருக்க முடியாது.

மகாராஷ்டிரத்தில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் இருக்கும்போது இதையெல்லாம் முடித்துவிட்டு, ஆகஸ்டில் இறக்கியதும் முழுச் சார்ஜான பேட்டரியில் மீட்டரை வையுங்கள். ஐடிலில் 12.6-ஐ ஒட்டி நின்றால் கவலை வேண்டாம், அந்த வேகத்தில் காயில் சார்ஜ் செய்யாது. 3000 ஆர்பிஎம்மிலும் 5000-இலும் 14.2 முதல் 14.5 வரை நிலையாக நிற்க வேண்டும். வேகத்தோடு ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரின் எர்த்தையோ சென்ஸ் ஒயரையோ பாருங்கள். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் எஸ்சிஆர் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஆர்பிஎம் மீட்டர் காயிலின் துடிப்பிலிருந்து ஓடுவதாக இருந்தால் புதிய ரெகுலேட்டருக்குப் பிறகு தவறாகக் காட்டலாம். அதன் ஒயரை ரெகுலேட்டரின் ஏசி உள்ளீடு ஒன்றோடு இணைத்து, பின்னால் உள்ள முனை எண்ணிக்கைத் தேர்வைச் சரிசெய்துகொள்ளுங்கள்.