ஓநாய் நாயா? கார்டு கேமுக்கு விலங்கு வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

"உன் நாய்கள் ஒவ்வொன்றுக்கும் +1/+1" என்று, அதாவது தாக்குதலிலும் தாங்குதிறனிலும் ஒன்று கூட்டச் சொல்லி, ஒரு கார்டில் எழுதியிருக்கிறது. மேசையில் வேட்டைநாய், ஓநாய், நீர்நாய், மரநாய் என்று நான்கு கார்டுகள் கிடக்கின்றன. எத்தனைக்குக் கூட்டுவது? பெயரைப் பார்த்தால் நான்குக்கும். உயிரியல்படி ஓநாய் நாய்க்கு நெருங்கிய சொந்தம், நீர்நாயும் மரநாயும் பெயரில் மட்டும்தான் நாய். விளையாடுகிறவர் கையில் உயிரியல் புத்தகம் இருக்காது. ஆட்டம் அந்த இடத்தில் நின்றுபோகும், வாக்குவாதம் தொடங்கும்.

ஃபேன்டஸி கார்டு கேம் வடிவமைக்கிறவர்கள் பலரும் முதலில் கதையை எழுதுகிறார்கள், அடுத்து ஓவியம் வரைவிக்கிறார்கள். விலங்கு வகையை அலங்காரமாக நினைத்து, கடைசியில் ஒரு பட்டியல் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் வகைச் சொல் ஒரு விதி. கார்டில் "அணில்" என்று அச்சடித்த நிமிடத்திலிருந்து, அணிலைப் பற்றிப் பேசும் மற்ற எல்லா கார்டுகளோடும் அது கட்டுப்பட்டுவிடுகிறது. விற்ற பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடியாது.

30 ஆண்டுகளைத் தாண்டி ஓடும் மேஜிக்: தி கேதரிங் இதற்கு நல்ல பாடம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வந்த ஆட்டம் அது. தொடக்க காலத்தில் கார்டில் என்ன வகை எழுதுவது என்பதற்குக் கறாரான ஒழுங்கு இல்லை. 2003இல் வந்த மிரோடின் தொகுப்பிலிருந்துதான் 'இனம், தொழில்' என்ற இரண்டு சொல் முறை நிலைபெற்றது. மனிதன் என்பதே அப்போதுதான் ஒரு வகையானது. 2007இல் பழைய கார்டுகளின் வகைகளை மொத்தமாக அலசித் திருத்தினார்கள். 'ஹவுண்ட்' என்றிருந்ததை 2020இல் 'டாக்' என்று மாற்றினார்கள். 'நாகா' என்ற வகை பின்னாளில் பாம்போடு சேர்ந்தது, 'வியாஷினோ' பல்லியோடு சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஏற்கெனவே அச்சாகி வீடுகளில் இருக்கும் கார்டுகளில் ஒன்று எழுதியிருக்கும், விதி வேறொன்று சொல்லும். பெரிய நிறுவனத்துக்கு அந்தச் சுமையைத் தாங்கும் வலு உண்டு. 500 பெட்டி அச்சடிக்கும் சிறு குழுவுக்குக் கிடையாது.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதுதான் முதல் கேள்வி. மேஜிக்கில் சிங்கம், புலி, சிறுத்தை எல்லாம் ஒரே 'பூனை' வகை. கழுகு, ஆந்தை, காகம் எல்லாம் 'பறவை'. ஆனால் நாய், ஓநாய், நரி மூன்றும் தனித்தனி. எலி, சுண்டெலி, அணிலும் அப்படியே. விலங்கியல் கண்ணால் பார்த்தால் இது ஒழுங்கில்லாமல் தெரியும். டெக், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டு, கட்டுகிறவர் கண்ணால் பார்த்தால் விளங்கும். 'சிங்க டெக்' கட்ட வேண்டுமானால் பதினைந்து சிங்கக் கார்டு வேண்டும், ஆட்டத்தில் அத்தனை சிங்கம் சேரவே சேராது. 'பூனை டெக்' என்றால் சேரும். பிரிக்கும் கோட்டை அறிவியல் போடுவதில்லை, எண்ணிக்கை போடுகிறது.

அந்த எண்ணிக்கையை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் ட்ராஃப்ட் ஆடுகிறார்கள், அதாவது பூஸ்டர் என்ற கார்டு பொட்டலங்களைப் பிரித்து, ஒவ்வொரு கார்டாக எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவருக்குக் கொடுத்து டெக் கட்டுகிறார்கள். ஆளுக்கு 3 பூஸ்டர், மொத்தம் 24. பூஸ்டர் ஒன்றில் 10 சாதாரணக் கார்டு என்றால் 240 கார்டு. தொகுப்பில் 80 விதமான சாதாரணக் கார்டு இருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 3 முறை வரும். மேஜிக்கைப் போலக் கார்டுகளை ஐந்து நிறமாகப் பிரித்தால், நிறத்துக்கு 10 உயிரிகள், ஆக 50 உயிரிக் கார்டு. பத்து விலங்கு வகை வைத்தால் வகைக்கு 5 விதம்தான், மேசை முழுவதுக்கும் 15 கார்டு. ஒரே ஆள் அந்த வகையைப் பிடித்தால் போதும். இருவர் பிடித்தால் ஆளுக்கு ஏழோ எட்டோதான் கிடைக்கும். 40 கார்டு டெக்கில் அந்த வகை 8 இருந்தால், முதலில் எடுக்கும் 7 கார்டில் ஒன்றுகூட வராமல் போக 18 சதவீத வாய்ப்பு உண்டு. 12 இருந்தால் அது 6 சதவீதமாகக் குறைகிறது. ஐந்தரை ஆட்டத்துக்கு ஒருமுறை "என் வகை வரவே இல்லை" என்று ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கும், பதினாறு ஆட்டத்துக்கு ஒருமுறை அப்படி நேர்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அதனால் முதல் ஆட்டத்துக்கு நான்கு முதல் ஆறு வகை போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு வகைக்குப் பலன் தரும் கார்டு ஒன்று வைத்தால், அந்த வகையில் சும்மா இருக்கும் உறுப்பினர் நான்காவது இருக்க வேண்டும். ஆர்வத்தில் பலன் கார்டுகளையே அடுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. படை இல்லாத தளபதிகளால் டெக் நிரம்பிவிடும்.

பத்து வகை வைத்தே ஆக வேண்டுமென்றால் எப்படிச் சமாளிப்பது என்பதற்கு 2024இல் வந்த மேஜிக்கின் ப்ளூம்பரோ தொகுப்பைப் பார்க்கலாம். முழுக்க விலங்குகளின் உலகம், மனிதரே கிடையாது. ஐந்து நிறங்களை இரண்டிரண்டாக இணைத்தால் பத்து ஜோடி, ஜோடிக்கு ஒரு விலங்கு: வெள்ளை-நீலம் பறவை, நீலம்-கறுப்பு எலி, கறுப்பு-சிவப்பு பல்லி, சிவப்பு-பச்சை ரக்கூன், பச்சை-வெள்ளை முயல், வெள்ளை-கறுப்பு வௌவால், நீலம்-சிவப்பு நீர்நாய், கறுப்பு-பச்சை அணில், சிவப்பு-வெள்ளை சுண்டெலி, பச்சை-நீலம் தவளை. எல்லா வகையையும் தன்னுள் கொண்ட உருமாறி ஒன்றையும் நிறமற்ற கார்டாகச் சேர்த்தார்கள், எந்த விலங்கு டெக்கிலும் அது ஓர் ஆளாக நிற்கும். இதைவிட முக்கியமானது, ஒரு விலங்குக்கு எழுதிய திறன் பக்கத்து விலங்குக்கும் உதவுவதுதான். முயல் கூட்டம் பெருக்கும். குட்டி போடும் திறனோ முயலோடு நிற்காமல் மற்ற விலங்குகளிடமும் இருக்கிறது. உங்கள் வகைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு அண்டை வகைகளோடு கார்டைப் பகிர முடிகிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழாமல் நிற்கும் வகையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, விலங்கின் நடத்தை ஆட்டத்தில் ஒரு வினையாக வேண்டும். ப்ளூம்பரோவின் அணில்களை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு அணில் கொட்டைகளை மண்ணில் புதைத்துவைத்து, பிறகு தோண்டித் தின்னும். கார்டு கேமில் 'கல்லறை' என்பது செத்த உயிரிகளும் போட்டு முடிந்த மந்திரங்களும் போய்ச் சேரும் குவியல். அந்த அணில்களின் திறன், கல்லறையிலிருந்து மூன்று கார்டை நிரந்தரமாக அகற்றுவது, அல்லது ஓர் உணவுக் கார்டைத் தியாகம் செய்வது. புதைத்ததைத் தோண்டித் தின்கிற செயல் அப்படியே விதியாகிவிட்டது. எலும்பு பொறுக்கும் கறுப்பு அணில் என்ற விசித்திரமான கற்பனை நம்மை ஏற்கவைப்பது இதனால்தான்.

ஆனால் இதை அப்படியே தமிழ் ஆட்டத்துக்கு எடுத்துவர முடியுமா? நம் ஊர் அணில் என்றதும் முதுகில் மூன்று கோடும், பாலம் கட்ட மணல் சுமந்த கதையும்தான் நினைவுக்கு வரும். தன்னால் இயன்ற சிறு உதவிக்கு அணில் அடையாளம். அதன் கையில் எலும்பைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். பதிலாக, அணில் கார்டைப் பயன்படுத்தியதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் கிடத்தி இன்னொரு கார்டின் விலையில் 1 குறைக்கலாம், ஒவ்வொரு உதவிக்கும் அதன் மேல் ஒரு கோட்டுக் காசு வைக்கலாம், மூன்று கோடு விழுந்ததும் அது ஒரு பரிசு தரலாம். ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் ஆட்டக்காரருக்குப் புரியும். ஆந்தைக்கும் இதே கதைதான். மேற்கே அறிவின் சின்னம், நம் ஊரில் அலறினால் அபசகுனம். ரக்கூன் இங்கே பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத விலங்கு. ஒரு விலங்கை எடுக்குமுன், ஆட்டம் தெரியாத ஐந்து பேரிடம் பெயரை மட்டும் சொல்லி, "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். மூன்று பேராவது ஒரே வினையைச் சொன்னால் அதையே திறனாக்குங்கள். ஐந்து பேரும் ஐந்து பதில் சொன்னால் அந்த விலங்கு உங்களுக்குக் கூடுதல் வேலை வைக்கப்போகிறது.

பறப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பறக்கும் உயிரியைத் தரையில் நிற்பவை தடுக்க முடியாது என்பது பல ஆட்டங்களின் விதி. பறவை, வௌவால், தும்பி, பருந்து மனிதன் என்று ஆசைப்பட்டுச் சேர்த்தால் பாதிப் படை வானத்தில் போகும், தரையில் நடக்கும் சண்டைக்கு அர்த்தமே இருக்காது. ப்ளூம்பரோவில் பத்தில் இரண்டு வகைதான் இயல்பாகப் பறப்பவை. அதிலும் பறவை டெக், பறக்காத உயிரிகளையும் சேர்த்துக்கொள்ளத் தூண்டும்படி எழுதப்பட்டது. ஆறு வகையில் ஒன்று பறந்தால் போதும். வலை கட்டிப் பறப்பதைப் பிடிக்கும் சிலந்தி ஒன்றை வைத்துவிடுங்கள், 1993 முதல் மேஜிக் அதைத்தான் செய்துவருகிறது.

உருவ அளவு இன்னொரு தொல்லை. மேஜிக்கின் முதல் தொகுப்பிலேயே கிரிஸ்லி கரடிக்கு தாக்குதல் 2, தாங்குதிறன் 2. இரண்டு மனாவுக்கு (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை) 2/2 என்றாலே ஆட்டக்காரர்கள் அதைக் 'கரடி' என்று சொல்லும் அளவுக்கு அது பழகிவிட்டது. அதே மேசையில் 3/3 அணில் வந்தால் கரடியை அணில் அடிக்கும். ப்ளூம்பரோ இதற்கு உலகத்தையே சுருக்கியது. குடிமக்கள் எல்லாம் சிறு விலங்குகள், கரடியும் பெரிய ஆந்தையும் இயற்கைச் சீற்றம் போன்ற பூதங்கள். அளவை எங்கே நிறுத்துவது என்று முதல் நாளே முடிவெடுங்கள்: ஒன்று எல்லாம் முயல் அளவுக்குள், அல்லது எல்லாம் மனித உயரத்தில் நடக்கும் விலங்கு மாந்தர். இரண்டையும் கலந்தால் எண்கள் பொய் சொல்லும்.

இனி தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல். நம் விலங்குப் பெயர்களில் பல, இன்னொரு விலங்கின் பெயரைச் சுமக்கின்றன. கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை. முள்ளெலி எலி இல்லை. புனுகுப்பூனை பூனை இல்லை. ஆங்கிலத்தில் ராட் (rat), மவுஸ் (mouse) என்று ஒலியிலேயே பிரிந்திருப்பவை தமிழில் எலி, சுண்டெலி. "எலிகளுக்கு +1" என்றால் சுண்டெலிக்காரர் கை நீட்டத்தான் செய்வார். மறுபக்கம், ஆங்கிலத்தில் லிசர்ட் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவதை நாம் பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி என்று பிரித்து வைத்திருக்கிறோம். உடும்புப் படத்துக்குக் கீழே 'பல்லி' என்று போட்டால் கிராமத்துப் பிள்ளை சிரிக்கும், அது நியாயமான சிரிப்பு.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒரே வேர்ச்சொல் கொண்ட இரண்டு பெயர்களை ஒரே ஆட்டத்தில் வகையாக்காமல் இருப்பது முதல் வழி: நீர்நாய் வேண்டுமென்றால் நாய் வேண்டாம். இரண்டாவது, ஒன்றை இன்னொன்றில் அடக்கிவிடுவது: ஓநாயும் செந்நாயும் கார்டின் தலைப்பில் இருக்கட்டும், வகை வரியில் 'நாய்' மட்டும். மூன்றாவது வழிதான் எங்களுக்குப் பிடித்தது, தனிப்பெயர் கொண்ட விலங்காக மாற்றிவிடுவது. சுண்டெலிக்குப் பதில் மூஞ்சூறு, பல்லிப் பொது வகைக்குப் பதில் உடும்பு. பிடித்த பிடியை விடாத விலங்கு என்று பெயரெடுத்தது உடும்பு, திறன் தானாகவே கிடைத்துவிடுகிறது: அது தடுத்த உயிரி அடுத்த சுற்றில் தாக்க முடியாது.

வேற்றுமை உருபையும் பார்க்க வேண்டும். 'மாடு' என்று வகை வரியில் இருக்கும், விதியில் 'மாட்டுக்கு', 'மாட்டை' என்று உருமாறும். ஆடும் இப்படித்தான். வகைச் சொல்லை விதியில் ஒருபோதும் திரிக்காதீர்கள். "மாடு வகை உயிரி ஒவ்வொன்றுக்கும்" என்று ஒரே வாய்பாட்டில் எல்லா கார்டிலும் எழுதி, வகைச் சொல்லைத் தடித்த எழுத்தில் வையுங்கள். சிறுவர்கூடத் தேடிப் பிடிப்பார்கள்.

தெய்வ வாகனங்களாக இருக்கும் மயில், கருடன், மூஞ்சூறு, காளை போன்றவற்றை எடுக்கும்போது, அவற்றைச் செத்துக் கல்லறைக்குப் போகும் கூலிப்படையாக வைப்பதா என்று குழுவில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். அச்சுக்குப் போன பிறகு வரும் புகாருக்குப் பதில் சொல்வது கடினம்.

கடைசியாக, படம். வழக்கமான கார்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம், அதில் ஓவியத்துக்குப் பாதிதான் கிடைக்கும். ஓவியரிடமிருந்து வரைவு வந்ததும் அதே அளவில் அச்செடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்பு நிரப்பி, நிழலுருவை மட்டும் கை நீட்டும் தூரத்தில் காட்டுங்கள். எலிக்கு மொட்டை வால், அணிலுக்குப் புசுபுசு வால், முயலுக்குக் காது. இந்த ஒரு உறுப்பு நிழலில் தெரியவில்லையென்றால் வண்ணம் பூசியும் தெரியாது. கவசமும் தொப்பியும் அந்த உறுப்பைத்தான் முதலில் மறைக்கும், முயல் வீரனுக்குத் தலைக்கவசம் போட்டு காதை உள்ளே தள்ளிவிடுவார்கள். கையில் கார்டுகளை விசிறியாகப் பிடிக்கும்போது கண்ணில் படுவது இடப்பக்க ஓரம் மட்டும்தான். நடுவில் இருக்கும் வகை வரி பக்கத்துக் கார்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். அந்த மேல் இடது மூலையில், 6 அல்லது 7 மி.மீ. அளவில், விலங்கின் தலைச் சின்னம் ஒன்றைப் பதியுங்கள்.