ரெஸ்லிங் அணிகளின் பாத்திரங்கள் எப்படி உருவாகின்றன?

2014 கடைசியில் அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் நிகழ்ச்சியில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அணியாக வந்தார்கள். கோஃபி கிங்ஸ்டன், பிக் இ, சேவியர் வுட்ஸ். அணிக்கு நியூ டே என்று பெயர். எப்போதும் சிரித்த முகம், ஓயாத கைதட்டல், எல்லோரும் நல்லதையே நினைக்க வேண்டும் என்ற பேச்சு. ரசிகர்கள் இவர்களை நல்லவர்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். அரங்கம் ஏற்கவில்லை. அவர்கள் கைதட்டச் சொன்ன அதே தாளத்தில் 'நியூ டே சக்ஸ்' (நியூ டே படுமோசம்) என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது.

அடுத்த சில மாதங்களில் அவர்களை வில்லன்களாக்கினார்கள். மாற்றிய விதம்தான் அருமை. சிரிப்பும் கைதட்டலும் அப்படியே இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் ஒரு சுற்று கூடுதலாக, பார்ப்பவருக்கு எரிச்சல் வரும்படி செய்தார்கள். ரிங்கில் ஏமாற்றி ஜெயித்துவிட்டு, நல்லெண்ணம்தான் வென்றது என்று கைதட்டினார்கள். பிறகு வுட்ஸ் டிராம்போன் ஊத ஆரம்பித்தார், தலையில் யூனிகார்ன் கொம்பு ஏறியது. திட்டுவதற்காகக் கத்திய கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ரசித்துக் கத்தத் தொடங்கியது. 2015 ஆகஸ்டில் வென்ற, அணிகளுக்கான டேக் டீம் பட்டத்தை 483 நாள் வைத்திருந்து, 1980களின் டெமாலிஷன் அணி வைத்திருந்த 478 நாள் சாதனையை முறியடித்தார்கள்.

ரெஸ்லிங்கில் ஆட்டத்தின் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது. அதில் இன்று ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் பாத்திரத்தின் முடிவு அப்படித் தீர்மானமாவதில்லை. எழுத்தாளர்கள் ஓர் ஊகத்தோடு ஆளை அனுப்புகிறார்கள், அரங்கம் பதில் சொல்கிறது, அடுத்த வாரம் ஊகத்தைத் திருத்துகிறார்கள். அணி என்று வந்துவிட்டால் இதில் இன்னொன்றும் சேர்கிறது. தனி ஆளுக்குப் பாத்திரம் அவருடைய உடையிலும் பேச்சிலும் இருக்கலாம். அணியில் அது ஆட்களுக்கு நடுவே உள்ள உறவில் இருக்கிறது. யார் அடி வாங்குவது, யார் காப்பாற்றுவது, யார் பேசுவது, யார் யாரை நம்புவது என்பதில்தான் பார்வையாளரின் மனம் ஒட்டுகிறது.

முதலில் எளிமையான பகுதியைப் பார்த்துவிடலாம். பத்தாயிரம் பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசைக்கு முகபாவம் தெரியாது. அதனால் பாத்திரம் உருவரையிலேயே புரிய வேண்டும். 1983ல் ஜார்ஜியாவில் உருவான ரோடு வாரியர்ஸ் இதற்குப் பாடமே எடுத்தார்கள். ஹாக், அனிமல் என்ற இருவர். முகத்தில் வண்ணப்பூச்சு, சில காலம் கழித்து தோளில் கூர்முள் கவசம், வரும்போது பின்னணியில் 'அயர்ன் மேன்' பாட்டு. இருவரும் மினியாபோலிஸ் பார்களில் பவுன்சர்களாக இருந்தவர்கள். பிரம்மாண்டமான உடம்பு உண்டு, ரிங் அனுபவம் குறைவு. நீண்ட ஆட்டம் கொடுத்தால் குறை வெளியே தெரிந்துவிடும். ஆகவே சில நிமிடங்களில் எதிரிகளை நொறுக்கிவிட்டுப் போகும் ஆட்டங்கள் கிடைத்தன. தங்கள்மேல் விழும் அடி வலிப்பதுபோல் காட்டுவதை ரெஸ்லிங்கில் 'செல்' செய்வது என்பார்கள். இவர்கள் பெரும்பாலும் செல் செய்யவே இல்லை. குறையை மறைக்கச் செய்த ஏற்பாடுதான் 'இவர்களைத் தடுக்க முடியாது' என்ற பாத்திரமாக நிலைத்தது. வில்லன்களாகத் தொடங்கியவர்களை ரசிகர்கள் ஆரவாரத்தோடு நாயகர்களாக்கிக்கொண்டார்கள்.

நுழைவு இசை தனி விஷயம். மணியோசையோடு உணவை இணைத்தால் பிறகு மணியோசை மட்டுமே நாயின் வாயில் நீர் ஊற வைக்கும் என்று பாவ்லோவ் காட்டிய பழக்கக் கற்றல்தான் இங்கேயும் நடக்கிறது. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் இசையில் முதலில் வரும் கண்ணாடி உடையும் சத்தம் நல்ல உதாரணம். அது கேட்ட ஒவ்வொரு முறையும் ஏதாவது பெரிதாக நடந்ததால், ஆள் தெரியும் முன்பே அரங்கம் எழுந்து நிற்கும். தி ஷீல்டு அணி 2012ல் வந்தபோது மேடை வழியாக வராமல் கூட்டத்துக்கு நடுவிலிருந்து இறங்கி வந்ததும் இதே வகைக் கணக்கு. பாட்டு கேட்டதும் எல்லோரும் மேடையை விட்டுவிட்டுத் தங்களைச் சுற்றித் தேடுவார்கள்.

இனி சுவையான பகுதி. டேக் டீம் ஆட்டத்தில் ஓர் அணியில் ஒருவர்தான் ரிங்குக்குள் இருக்கலாம். மற்றவர் தன் மூலையில் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கையைத் தொட்டால்தான் அவர் உள்ளே வர முடியும். சாதாரண விதிதான், ஆனால் கதை சொல்ல இதைவிட நல்ல கருவி கிடைக்காது. வில்லன் அணி நாயகர்களில் ஒருவரைத் தங்கள் மூலையில் சிக்கவைத்து மாறி மாறி அடிக்கும். அவர் தவழ்ந்து தவழ்ந்து தன் கூட்டாளியை நோக்கிப் போவார். விரல் தொடப்போகும் நேரத்தில் காலைப் பிடித்து இழுப்பார்கள். ஒருமுறை தொட்டே விடுவார், ஆனால் நடுவரின் கவனத்தை வேறு பக்கம் திருப்பியிருப்பார்கள், செல்லாது. கடைசியில் கை தொட்டதும் வெளியே கொதித்துக்கொண்டிருந்தவர் பாய்ந்து வந்து எல்லோரையும் சாய்ப்பார். இதற்கு ஹாட் டேக் என்று பெயர்.

இந்த அமைப்பே இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அடி வாங்குபவரிடம் இரக்கம் பிறக்க வேண்டும், வெளியே நிற்பவரிடம் எதிர்பார்ப்பு கூட வேண்டும். ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் அணியின் ரிக்கி மார்ட்டன் அடி வாங்கும் கலையில் கைதேர்ந்தவர். ஓர் அணியில் அந்த வேலையைச் செய்பவரை 'ரிக்கி மார்ட்டன் வேடம் போடுகிறார்' என்றே தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். வெளியே நிற்கும் ராபர்ட் கிப்சனின் தவிப்பு பார்வையாளருக்குத் தன் தவிப்பாகத் தெரியும். அவரைப் போலவே அவர்களாலும் உள்ளே போய் உதவ முடியாது. என் கணிப்பில் மைக்கைப் பிடித்து எதிரியைச் சவாலுக்கு இழுக்கும் ஒரு நீண்ட புரோமோ பேச்சு செய்ய முடியாததை இந்தப் பத்து நிமிடம் செய்துவிடும்.

பேசத் தெரியாதவர்களுக்குக் குரலையும் வெளியிலிருந்து கொடுக்கலாம். மிட்நைட் எக்ஸ்பிரஸ் அணியின் பாபி ஈட்டன் ரிங்குக்குள் அபாரமான திறமைசாலி, மைக்கில் அதிகம் பேசாதவர். கையில் டென்னிஸ் ராக்கெட்டோடு வந்த மேனேஜர் ஜிம் கார்னெட் மூச்சு விடாமல் பேசி, மொத்த வெறுப்பையும் சம்பாதித்துக் கொடுத்தார். ஆட்டம் ஒருவரிடம், வாய் இன்னொருவரிடம் என்றாலும் பார்ப்பவருக்கு அது ஒரே பாத்திரம்.

உறவுதான் பாத்திரம் என்பதற்கு மிகத் தெளிவான சான்று கிளென் ஜேக்கப்ஸ். 1995ல் அவரை டபிள்யூடபிள்யூஎஃப் (டபிள்யூடபிள்யூஇயின் அன்றைய பெயர்) ஒரு பல் மருத்துவராக இறக்கியது. எடுபடவில்லை. 1996ல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட டீசல் என்ற வீரரின் வேடத்தையே அவருக்கு மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் போனது. 1997 நடுவில் பால் பேரர் என்ற பாத்திரம் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கியது. நட்சத்திர வீரர் அண்டர்டேக்கருக்குத் தீ விபத்தில் இறந்துபோனதாக நினைத்த ஒரு தம்பி உண்டு, அவன் உயிரோடு இருக்கிறான், வரப்போகிறான். மாதக்கணக்கில் பேச்சு மட்டும். அக்டோபர் 5 அன்று அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதிய கூண்டின் கதவைப் பிய்த்துக்கொண்டு சிவப்பு உடையில், முகமூடியோடு கேன் என்ற அந்தத் தம்பியாக ஜேக்கப்ஸ் வந்து நின்றார். அதே ஆள், அதே உயரம், அதே உடல். பல் மருத்துவருக்கு யாருமே இல்லை. கேனுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வாயைத் திறக்கும் முன்பே அவருடைய கோபம் எல்லோருக்கும் புரிந்தது.

1980களில் இப்படிப்பட்ட உறவுகளை ரிங்குக்கு வெளியேயும் காப்பாற்றுவது கட்டாயம். எதிரிகளாக நடிப்பவர்கள் ஒன்றாகப் பயணிக்கக்கூடாது. 1987 மே மாதம் நியூ ஜெர்சியில் ஹேக்சா ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் ஒரே காரில் போலீஸிடம் பிடிபட்டபோது, இருவரும் மோதிக்கொண்டிருந்த கதையே உடைந்துபோனது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. பதிலுக்குப் பயிற்சி கூடியிருக்கிறது. 2013ல் டபிள்யூடபிள்யூஇ ஆர்லாண்டோவில் திறந்த பயிற்சி மையத்தில் பழைய நட்சத்திர வீரர் டஸ்டி ரோட்ஸ் இளம் வீரர்களுக்குப் பேச்சு வகுப்பு எடுத்தார். பிறர் முன்னால் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துத் தனக்கான குரலைத் தேடும் இடம் அது.

சரி, அணி உடையும்போது என்ன ஆகிறது? கட்டிவைத்த நம்பிக்கை மொத்தமும் ஒரே நொடியில் புதுப் பாத்திரமாக மாறும். ராக்கர்ஸ் அணியில் ஷான் மைக்கேல்ஸ் தன் கூட்டாளி மார்ட்டி ஜனட்டியை உதைத்து, சலூன் செட்டின் கண்ணாடி வழியே வீசிய காட்சி 1992 ஜனவரியில் ஒளிபரப்பானது. அதன்பின் மைக்கேல்ஸ் எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2014 ஜூனில் ஷீல்டு அணியின் சேத் ராலின்ஸ் கூட்டாளியின் முதுகில் நாற்காலியால் அடித்ததும் அதே வகை. ஆனால் பிரிவு பலிக்க வேண்டுமானால் அணி நீண்ட நாள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆறு வாரத்தில் சேர்த்து ஆறு வாரத்தில் பிரிக்கும் அணிகளின் துரோகம் யார் மனதையும் தொடுவதில்லை.

இரட்டையர்களான ஜிம்மி, ஜே உசோவின் கதை இதில் இன்னும் நுட்பமானது. 2010லிருந்து முதன்மை நிகழ்ச்சிகளில் ஆடியவர்கள், ஆனாலும் யார் ஜிம்மி, யார் ஜே என்று பல ரசிகர்களுக்குச் சட்டென்று சொல்ல வராது. 2020ல் ஜிம்மிக்கு முழங்காலில் காயம் பட்டது. தனியாக நின்ற ஜேயை அவருடைய உறவினரான ரோமன் ரெயின்ஸோடு மோதவிட்டார்கள். குடும்பத்துக்குத் தலைவன் யார் என்பதுதான் சண்டை. அக்டோபரில் நடந்த, 'ஐ க்விட்' (விட்டுவிடுகிறேன்) என்று சொல்பவர் தோற்கும் ஆட்டத்தில் எவ்வளவு அடித்தும் ஜே பணியவில்லை. காயத்தோடு வந்த ஜிம்மியின் கழுத்தை ரெயின்ஸ் நெரித்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். பத்து வருடம் இரட்டையரில் ஒருவராக மட்டும் இருந்தவருக்கு அந்த ஒரு ஆட்டத்தில் தனி மனம் வந்துவிட்டது. பெருமைக்கும் பாசத்துக்கும் நடுவே கிழிபடுபவர் அவர்.

அடுத்த மூன்று ஆண்டு, ரெயின்ஸின் குடும்ப அணியான பிளட்லைனின் கதை இந்தக் கிழிசலை வைத்தே ஓடியது. அதனால்தான் 2024 ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇயின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் ஜிம்மியும் ஜேயும் எதிரெதிரே நின்றபோது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆட்டம் ஏமாற்றம். ஒரே உதையை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஜேயின் பாத்திரம் ரெயின்ஸுக்கு எதிராகத்தான் செதுக்கப்பட்டிருந்தது. இரட்டையர் ஒருவருக்கு ஒருவர் என்ன என்ற கேள்விக்கு அதே அளவு நேரம் யாரும் கொடுக்கவில்லை. ஜேக்குப் புது உறவு அதற்குள் வேறு இடத்தில், ரசிகர்களிடம், கிடைத்திருந்தது. இசை கேட்டதும் மொத்த அரங்கமும் அவரோடு சேர்ந்து கைகளை மேலும் கீழும் அசைக்கும். 2025 ஏப்ரலில் குந்தரைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கியபோதும் அவர் அந்தக் கைகளோடுதான் ரிங்குக்கு வந்திருந்தார்.