படை முக்கால்வாசி குறைந்தது என்றால் என்ன குறைந்தது?

புதிய சொரியாசிஸ் மருந்தைப் பற்றிய செய்தியில் "75 சதவீத முன்னேற்றம்" என்று படித்த வாசகர் ஒருவர், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கருவி வைத்து அளக்கிறார்களே, தோலில் படரும் படையை எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். கண், விரல்நுனி, கொஞ்சம் பெருக்கல் கணக்கு என்பதே பதில்.

சொரியாசிஸில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் தூண்டுதலால் தோல் செல்கள் முதிர்வதற்கு முன்பே மேலே வந்து குவிகின்றன. அதனால் உண்டாகும் சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றையும் எண்ணாக்கும் முறையை, 1978இல் ஃப்ரெட்ரிக்சன், பெட்டர்சன் ஆகிய இருவர், வாய்வழி உட்கொள்ளும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ-யைச் சார்ந்த வகை) மருந்து ஒன்றைச் சோதித்தபோது வெளியிட்டனர். சொரியாசிஸின் பரப்பையும் தீவிரத்தையும் குறிக்கும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'பாஸி' (PASI). குளத்துப் பாசி நினைவுக்கு வந்தால் தவறில்லை. இதுவும் படர்வதைப் பற்றியதுதான்.

உடலைத் தலை, கைகள், நடுவுடல், கால்கள் என நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று அடையாளங்களுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறார்கள். அந்தத் தொகையை, அப்பகுதியில் படை பரவியிருக்கும் அளவுக்குரிய 0 முதல் 6 வரையிலான பரப்பெண்ணால் பெருக்கி, தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, நடுவுடலுக்கு 0.3, கால்களுக்கு 0.4 என்ற பங்கால் மீண்டும் பெருக்கி, நான்கையும் கூட்டினால் மொத்த மதிப்பெண் கிடைக்கும்; உச்சம் 72. பரப்பை மதிப்பிடும் அளவுகோல் நோயாளியின் கையே: விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை உடலின் மொத்தத் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம்.

முழங்கால்களில் மட்டும் படை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 3, தடிப்பு 3, செதில் 2, ஆகக் கூட்டுத்தொகை 8. கால்களின் பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே படை இருப்பதால் பரப்பெண் 1. எட்டை 0.4ஆல் பெருக்க 3.2 வருகிறது. சிகிச்சைக்குப் பின் சிவப்பும் தடிப்பும் 1 ஆகி, செதில் மறைந்தால் மதிப்பெண் 0.8. சரியாக 75 சதவீதக் குறைவு, ஆனால் படையின் எல்லைக்கோடு ஒரு மயிரிழைகூட நகரவில்லை! மாறாக, அதே படை 9 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகச் சுருங்கி, எஞ்சிய இடம் பழைய சிவப்பு, தடிப்பு, செதிலோடு இருந்தால், பரப்பெண் 1 ஆகவே இருப்பதால் மதிப்பெண் இம்மியும் மாறாது. இந்தக் கோணல் எனக்கு மிகவும் பிடிக்கும். பாஸி குறைந்தது என்று படிக்கும்போது, நிறம் மங்கியதா, தடிப்பு இறங்கியதா, பரப்பு சுருங்கியதா என்று கேட்க அது நம்மைப் பழக்குகிறது.

எந்த எண்ணெயைத் தடவினாலும் செதில் சற்று இளகும்; நோயும் தானாகவே ஏறி இறங்கும். "தடவினேன், போய்விட்டது" என்ற சாட்சியங்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம். ஆகவேதான் களிம்புச் சோதனைகளில் மருந்து கலக்காத அதே களிம்பை இன்னொரு குழுவுக்குக் கொடுத்து, யாருக்கு எது என்பதை மதிப்பெண் இடுபவரிடமிருந்து மறைக்கிறார்கள்.

என் குறை வேறொன்று. கருந்தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரிவதால், வெளிர்தோலில் தெரியும் சிவப்பையே பார்த்துப் பழகிய கண் 3 போட வேண்டிய இடத்தில் 1 போட்டுவிடக்கூடும். தடிப்பை விரல்நுனி தடவி அறிந்துவிடும், நிறத்துக்கு அந்த வசதி இல்லை. புதிய ஊசிமருந்துகளுக்குச் செலவாகும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது இந்த அளவுகோலைத் திருத்தச் செலவிட வேண்டும் என்பேன். படை முழுக்க வற்றிய பின்னும் கருந்தோலில் பல மாதங்கள் தங்கிவிடும் கருந்திட்டுக்கு பாஸி தரும் மதிப்பெண் 0. நோயாளி சட்டைக் கையை இறக்கிவிட்டு மறைப்பதோ அந்தத் திட்டைத்தான்.