மரபணு கிடைத்துவிட்டது, சரி. எத்தீன் எங்கே?

மறுபடியும் அதே மாதிரி ஓர் அறிக்கை. டிரை கிளீனிங் கரைப்பான் (பெர்க்) இறங்கிய நிலத்தடி நீர், பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி எண்ணும் சோதனை) வினைல் குளோரைடைச் சிதைக்கும் நொதிக்கான விசிஆர்ஏ மரபணு கிடைத்திருக்கிறது, உடனே கடைசி வரி: "நுண்ணுயிர்ச் சிதைவு நடைபெறுகிறது." பாக்டீரியா பெர்க்கின் குளோரினை ஒவ்வொன்றாகப் பிடுங்க, அது சிஸ்-டிசிஇ, வினைல் குளோரைடு என்று மாறி, கடைசியில் குளோரினே இல்லாத எத்தீனில் முடிய வேண்டும். அந்த வினைல் குளோரைடும் எத்தீனும் எவ்வளவு என்று தேடினால் அந்த அட்டவணையே இல்லை. அளக்கவே இல்லையாம்!

எத்தனை முறைதான் சொல்வது? வீட்டில் இட்லிப் பானை இருப்பதால் டிபன் தயார் என்று யாரும் சொல்வதில்லையே. இந்த வேலையைச் செய்யும் டீஹாலோகாக்காய்டிஸ் பாக்டீரியாவில் 195 என்ற வகைக்குக் குளோரினைப் பிடுங்கும் நொதி மரபணுக்கள் 17, சிபிடிபி1 வகைக்கு 32. எல்லாம் ஒருசேர ஓடுவதில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்திலேயே அவற்றை அடக்கவோ முடுக்கவோ ஒரு கட்டுப்பாட்டு மரபணு உட்கார்ந்திருக்கிறது. குளோரினைப் பிடுங்கும் இன்னொரு பாக்டீரியாவான டெசல்ஃபிடோபாக்டீரியத்தின் கட்டுப்பாட்டுப் புரதமான சிபிஆர்கே இன்னும் கறார்: குளோரின் ஏறிய ஃபீனால் வந்து ஒட்டினால்தான் டிஎன்ஏவைப் பிடித்து நொதி மரபணுவை முடுக்கும், குளோரின் கழன்ற அதே மூலக்கூறு வந்தால் கண்டுகொள்ளாது. தவிர, செத்த செல்லின் டிஎன்ஏவையும் பிசிஆர் எண்ணித் தொலைக்கும். (இது தெரியாமலா கருவி வாங்கினீர்கள்?)

அப்படியானால் மரபணு ஓடும்போது உருவாகும் ஆர்என்ஏவை அளக்கலாமே என்பீர்கள். அளக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆய்வகத்தில் வெப்பத்தைக் கூட்டி, குளோரின் நீக்கமே நின்றுபோன பிறகும் விசிஆர்ஏ ஆர்என்ஏ ஏறியிருக்கிறது.

இவ்வளவு கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வேலை பாதியில் நின்றால் மிஞ்சுவது வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது. அமெரிக்கக் குடிநீர் வரம்பு தொடக்கப் பொருளான பெர்க்குக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், இதற்கோ வெறும் 2.

ஆகவே எத்தீன் சோதனையையும் கேட்காமல் மாதிரி அனுப்பாதீர்கள். குப்பியைக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து, சீக்கிரம் அனுப்புங்கள். சிஸ்-டிசிஇ குவிந்து நிற்கிறதா? விசிஆர்ஏவோ அதே வேலைக்கான பிவிசிஏ மரபணுவோ இல்லாத வகைகளாக இருக்கலாம், அவற்றுக்கு ஆற்றல் தரும் ஹைட்ரஜன் போதாமல் இருக்கலாம், நொதிக்குத் தேவையான, அக்கம்பக்கத்து பாக்டீரியா தரவேண்டிய வைட்டமின் பி12 கிடைக்காமலும் இருக்கலாம், மூன்றையும் பாருங்கள். அவசரப்பட்டு அதே இடத்தில் காற்றையோ பெராக்சைடையோ ஏற்றாதீர்கள், ஆக்சிஜன் பட்டால் டீஹாலோகாக்காய்டிஸ் மீளவே மீளாது. அப்புறம் ஒரு கெஞ்சல்: எத்தீன் எண் வரும்வரை கண்காணிப்புக் கிணறுகளை மூடாதீர்கள், தயவுசெய்து.