முகத்துக்கு முன்னே மூக்கு: வீட்டுப் பூனையோடு புதுப் பூனையைச் சேர்ப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் புதுச்சேரியிலும் கடலூரிலும் நனைந்த பூனைக்குட்டிகள் திண்ணையேறி ஒதுங்கும். மனசு கேட்காமல் ஒன்றை உள்ளே தூக்கி வருகிறோம். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், அதன் முன்னால் கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் வழக்கம். "ரெண்டு நாள் சீறும், அப்புறம் தானா பழகிடும்" என்பார்கள். பழகிவிடும் பூனைகள் உண்டு. ஆனால் முதல் சந்திப்பிலேயே கடிபட்ட பூனை அந்தப் பயத்தை மாதக்கணக்கில் சுமக்கும். அதன் பிறகு சரிசெய்வது, முதலிலேயே பொறுமையாகச் செய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

இதற்கான காரணம் பூனையின் மூக்கில் இருக்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும் விலங்கு. அதற்குக் கிடைப்பது எலி அளவு இரை. பங்கு போட அதில் ஒன்றுமில்லை. அதனால் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லை வைத்துக்கொண்டு, மற்றதைச் சந்திக்காமலே காலம் தள்ளும். எல்லையைச் சொல்வது வாசனை. கன்னம், முகவாய், நெற்றி, வாலடி, பாதம் என்று பல இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நிலைப்படியிலும் நம் காலிலும் பூனை கன்னத்தைத் தேய்ப்பது அந்த வாசனையைப் பதிக்கத்தான். மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் இரண்டு நுண் துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே வாசனைப் பொருள் ஒரு தனி உணர் உறுப்புக்குப் போகும். எதையோ முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்தபடி பூனை நிற்பது அருவருப்பால் அல்ல. அது அந்த வாசனையைப் படித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசியும் நக்கியும் தங்களுக்குள் ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசனை இருந்தால் நம்மாள், இல்லாவிட்டால் அந்நியன். கருத்தடை அறுவைக்குப் போய்வந்த பூனையைப் பார்த்து, கூடவே வளர்ந்த பூனை சீறுவது இதனால்தான்: முகம் அதே முகம், வாசனை மருத்துவமனை வாசனை. ஆகவே புதுப் பூனையின் வாசனையை முதலில் வீட்டுக்குள் அனுப்ப வேண்டும், உடம்பைக் கடைசியில்.

முதல் 14 நாள் தனி அறை. இது மனசுக்கு மட்டுமல்ல, நோய்க்கும் தான். தெருக்குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பேன்லூக்கோபீனியா வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பெரும்பாலும் 2 முதல் 10 நாள் ஆகும். இந்த இடைவெளியில் உண்ணி, காதுப்பூச்சி, குடற்புழு எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் காட்டிவிடலாம். ஃபெலைன் லுகீமியா வைரஸ், எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்யுங்கள்; முன்னது எச்சில் வழியாகவும் பின்னது கடியாலும் பரவும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை வலிப்பு வந்து சாகக்கூடும்.

தனி அறை இல்லாத சிறு வீடுகளில் குளியலறையோ, தடுப்பு வைத்த ஒரு மூலையோ போதும். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை சித்திரை, வைகாசியில் உதவாது. அங்கே பூனை சூட்டிலேயே சுருண்டுவிடும். அறையில் மலஜலம் கழிக்க மண் தட்டு, தண்ணீர், தீனி, பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று வையுங்கள். ஒளிய இடமிருந்தால்தான் பூனை வெளியே வரத் துணியும்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு பினாயில். அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். போதாததற்கு, பூனை பதித்து வைத்த வாசனையை எல்லாம் தினமும் அழித்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். நோயுற்ற குட்டி இருந்த இடமென்றால் முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீட்டு உபயோக பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காயவிடுங்கள். பேன்லூக்கோபீனியா வைரஸ் ஓராண்டுகூட உயிரோடு கிடக்கும்.

புதியது நன்றாகத் தின்று, மண் தட்டில் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் வாசனைப் பரிமாற்றம். பழைய பருத்தி பனியன் துண்டால் அதன் கன்னத்தையும் முகவாயையும் மெல்லத் தேயுங்கள். அந்தத் துணியை வீட்டுப் பூனையின் தட்டுக்கு அருகே வையுங்கள். அதேபோல் இங்கிருந்து அங்கே. பின்பக்கம் தேய்க்க வேண்டாம். கன்னத்து வாசனைதான் அமைதிக்கானது. முகர்ந்துவிட்டு அலட்சியமாகத் தின்றால் நல்லது. சீறி விலகினால் துணியைச் சில அடி தள்ளி வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நெருக்குங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஆறடி தள்ளி ஒரே நேரத்தில் தீனி, வேளைக்கு அரையடி நெருக்கம். அவித்த மத்தியோ சங்கராவோ இந்த வேளைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். மற்ற பூனையின் வாசனை வந்தால் பிடித்த மீன் வரும் என்ற பிணைப்பை இப்படித்தான் மூளை கற்கிறது. மத்தி, நெத்திலியைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் பூனைக்குத் தேவையான தயமின் (வைட்டமின் பி1) சத்து அழியும், ஆகவே அவித்தே கொடுங்கள். நடுவில் தினம் அரைமணி நேரம் இடம் மாற்றிவிடுங்கள்: புதியது கூடத்தில், பழையது அறைக்குள், ஒன்றையொன்று பார்க்காமல்.

அடுத்து பார்வை. நம் ஊரில் இதற்கு வசதியாகக் கொசுவலைக் கதவு இருக்கிறது. நைலான் வலையை நகத்தால் கிழித்துவிடும். எஃகு வலை வேண்டும். முதலில் துணி தொங்கவிட்டு ஒரு கை அகலம் மட்டும் திறந்து, தின்னும் ஐந்து நிமிடம் காட்டுங்கள். சீறலைக் கண்டு பதற வேண்டாம், 'கிட்ட வராதே' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது சத்தமில்லாமல் விறைத்து உற்றுப் பார்ப்பது, வழியை அடைத்து உட்காருவது. அதைக் கண்டால் துணியை இறக்கி, முந்தைய படிக்குத் திரும்புங்கள். வால் நிமிர்ந்து வந்தால், கண்ணை மெல்ல மூடித் திறந்தால் முன்னேறலாம்.

கதவைத் திறக்கும் நாளில் இரண்டுக்கும் லேசான பசி இருக்கட்டும். ஓட இரண்டு வழி இருக்கட்டும். கையில் தடித்த துண்டும் ஒரு பெரிய அட்டையும் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில், நன்றாகப் போகும்போதே முடியுங்கள். சண்டை மூண்டால் நடுவே அட்டையைச் செருகுங்கள், கையை விடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றையும் ஒன்றாகக் காட்டாதீர்கள். சாதுவானதை முதலில் அறிமுகம் செய்யுங்கள். கருத்தடை செய்யாத கடுவன் என்றால் அறுவைக்குப் பிறகு நாலைந்து வாரம் பொறுங்கள், ஹார்மோன் அடங்க அவ்வளவு ஆகும்.

பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மண் தட்டுகள், தனித்தனி இடங்களில் வேண்டும். எல்லாத் தட்டையும் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். வழியில் ஒன்று உட்கார்ந்தால் மற்றது அடக்கிக்கொள்ளும்.

அடக்குவதும் மன அழுத்தமும் சேர்ந்தால் சிறுநீர்ப்பை வீங்கும். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டு வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. அன்றே புதுச்சேரி குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கொண்டு போங்கள். முழுநாளும் தின்னாத பூனையையும் அப்படியே, பருத்த பூனை என்றால் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்து.